நான் பார்க்காத குலுக்கை

போன பொங்கலுக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் ஒரு வேலை வைத்தேன். "ஆச்சி வீட்டை ஆளுக்கு ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒருத்தரை ஒருத்தர் கேட்கக் கூடாது." அவ்வளவுதான். விளாத்திகுளம் பக்கத்தில் இருந்த அந்த வீட்டை 1994இல் விற்றுவிட்டோம். வாங்கியவர் இடித்துவிட்டு மாடி வீடு கட்டிக்கொண்டார். எங்களிடம் அதன் முழுப் படம் ஒன்றுகூட இல்லை. கல்யாண போட்டோக்களின் ஓரத்தில் ஒரு தூண், ஒரு சன்னல், அரைக் கதவு தெரியும்.

அப்பா ஸ்கேல் வைத்து வரைந்திருந்தார். முன்பக்கத் தார்சா, நடுக்கூடமான பட்டாசல், சாமான் வைக்கும் உள்ளறையான அரங்கு, அடுக்களை என்று வரிசையாகப் பெட்டிகள். கிணற்றைக் காணோம். கேட்டால், "கிணறு இருந்துச்சு, தாள்ல இடம் இல்ல" என்றார். அத்தை வரைந்ததில் பாதித் தாளை அடுக்களையே பிடித்துக்கொண்டது. அம்மி எங்கே, அங்கணம் எங்கே, விறகு எந்த மூலை என்று எல்லாம் இருக்கிறது. தார்சாவுக்கு ஒரே ஒரு கோடு. பெரியப்பா வேப்பமரத்தை மட்டும் இலை இலையாக வரைந்துவிட்டு, வீட்டை அதன் பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி வைத்திருந்தார். அக்காவுக்கு மச்சுப்படிக்கு அடியில் இருந்த பொந்துதான் வீட்டின் நடுமையம். நாங்கள் ஒளிந்து விளையாடிய இடம் அது.

நானும் வரைந்தேன். அரங்கு வீட்டின் இருட்டில், வடக்குச் சுவரை ஒட்டி, கம்பு கொட்டி வைக்கும் பெரிய மண் குலுக்கையை வரைந்தேன். கீழே தானியம் எடுக்கும் ஓட்டையையும் அதை அடைத்திருந்த துணியையும்கூட விடவில்லை. படத்தைப் பார்த்த அத்தை உடனே போன் செய்தாள். "ஏல, குலுக்கை நீ பொறக்கதுக்கு முந்தியே ஒடஞ்சு போச்சே, நீ எங்க பாத்த?"

பார்க்கவில்லைதான். ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் துணியின் அழுக்கு நிறம் தெரிகிறது.

சமகாலக் கலை பற்றிப் படிக்கும்போது 'தனிமனித நினைவு', 'கூட்டு நினைவு' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி வந்து நிற்கும். கண்காட்சிச் சுவரில், காட்சிக்கான சிறு கையேட்டில், விமர்சனக் கட்டுரையில் எல்லாம் 'இவரது படைப்பு தனிமனித நினைவுக்கும் கூட்டு நினைவுக்கும் இடையே பயணிக்கிறது' என்று எழுதியிருப்பார்கள். புதிதாகப் படிப்பவருக்கு இதில் ஒன்றும் பிடிபடாது. எனக்கும் ரொம்ப நாள் பிடிபடவில்லை. நினைவு தலைக்குள்ளே இருப்பது, தலை ஆளுக்கு ஒன்று, அப்புறம் எப்படிக் 'கூட்டு' நினைவு என்றுதான் தோன்றும். குலுக்கை விவகாரத்துக்குப் பிறகுதான் எனக்கு இது சரியாக உறைத்தது.

இந்தக் கேள்வியை முறையாக எடுத்து எழுதியவர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர். 1925இல் வந்த அவருடைய நூலின் மையமான கருத்தைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும்: யாரும் தனியாக நினைவுகூர்வதில்லை. நாம் எதை மறக்காமல் வைத்திருக்கிறோம், எந்த வரிசையில், என்ன பெயர் சொல்லி வைத்திருக்கிறோம் என்பதெல்லாம் நம்மைச் சுற்றியுள்ளவர்கள் கொடுத்த சட்டகத்துக்குள் நடக்கிறது. குடும்பம், ஊர், சாதி, மதம், தொழில் என்று ஒவ்வொன்றும் ஒரு சட்டகம். 'அது சித்திரைக் கோயில் கொடைக்கு முந்தின வாரம்' என்று நாள் சொல்கிறோமே, அந்தக் கொடை எனக்கு மட்டும் சொந்தமான நாள்காட்டி இல்லை. ஊரின் நாள்காட்டியில்தான் என் தனி நினைவும் மாட்டித் தொங்குகிறது. அந்தக் கூட்டம் கலைந்துபோனால் ஆணியும் பெயர்ந்துவிடும், நினைவும் கீழே விழும். இதையெல்லாம் எழுதிய ஹால்ப்வாக்ஸ் 1945இல் புஹன்வால்ட் நாஜி முகாமில் இறந்துபோனார்.

நான் பார்க்காத குலுக்கை இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஆச்சி நூறு தடவை சொன்ன கதை, பெரியப்பா அதற்குள் ஒளிந்து மாட்டிக்கொண்ட கதை, பஞ்சத்து வருஷத்தில் அதன் அடியைச் சுரண்டிய கதை எல்லாம் சேர்ந்து எனக்குள் ஒரு குலுக்கையைக் கட்டிவிட்டன. குடும்பத்தின் நினைவு அது, நான் அதை என் சொந்த நினைவு என்று வைத்திருந்தேன். பெற்றோர் அனுபவித்ததைப் பிள்ளைகள் தாங்களே அனுபவித்ததுபோலச் சுமப்பதற்கு மரியன் ஹிர்ஷ் என்ற ஆய்வாளர் தனியாகவே ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'பின்நினைவு' என்று சொல்லலாம். நாஜிப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளை வைத்து அவர் அதைப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் என் குலுக்கை ரொம்பச் சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்று.

சரி, இதில் கலைஞருக்கு என்ன வேலை?

இதைச் சொல்ல ஒரே ஒரு கலைஞரை எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தா. சனாதனன், 1969இல் பிறந்தவர். டில்லியில் ஓவியம் படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கிறார். 2011இல் வெளிவந்த அவருடைய 'தி இன்கம்ப்ளீட் தோம்பு', அதாவது முற்றுப்பெறாத தோம்பு, புத்தக வடிவில் இருக்கும் ஒரு கலைப்படைப்பு. ரேக்கிங் லீவ்ஸ் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. பார்ப்பதற்கு அரசு அலுவலகக் கோப்பு மாதிரியே இருக்கும்.

செய்தது இதுதான். இலங்கைப் போரால் வீட்டை விட்டு இடம்பெயர்ந்த, தமிழ் பேசும் 80 பேரிடம் போய், "நீங்கள் விட்டு வந்த வீட்டின் தள அமைப்பை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள்" என்று கேட்டார். அவர்கள் வரைந்தார்கள், கூடவே கதையும் சொன்னார்கள். புத்தகத்தில் ஒவ்வொருவருக்கும் மூன்று வரைபடங்கள். வீட்டுக்காரர் தன் கையால் வரைந்தது முதலாவது. அதை வைத்துக் கட்டடக் கலைஞர் ஒருவர் முறைப்படி வரைந்த தள வரைபடம் இரண்டாவது. மூன்றாவது, அந்த வீட்டையும் கதையையும் உள்வாங்கி சனாதனன் பாஸ்டலில் வரைந்த ஓவியம்.

'தோம்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொல் அது. லிஸ்பனில் இருக்கும் அவர்களுடைய தேசிய ஆவணக் காப்பகத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இன்றும் இருக்கிறது. இலங்கையில் தோம்பு என்றால் காணிப் பதிவேடு. யார் காணி, எவ்வளவு, என்ன வரி, என்ன ஊழியம் செய்ய வேண்டியவர் என்று எழுதி வைத்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், அதைத் தொடர்ந்து எழுதினார்கள். காணிக்கு ஒரு தோம்பு, குடும்பத்துத் தலைகளுக்கு ஒரு தோம்பு. அதே ஒல்லாந்தர்தான் 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமைச் சட்டம் என்று எழுதி வைத்தார்கள். எழுதியதை உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கூட்டு நினைவுத் தொகுப்புதான். 'எங்கள் வழக்கம் இது' என்று ஊர்ப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னதை அரசு எழுதிக்கொண்டது. எந்தப் பெரியவர்கள் சொன்னார்கள், யாரைக் கேட்கவே இல்லை என்பது வேறு கதை.

அரசு எழுதிய அந்தத் தோம்பைத்தான் சனாதனன் திருப்பிப் போடுகிறார். பழைய தோம்பில் நிலத்தை அளந்து எழுதியவர் அரசாங்க உத்தியோகத்தர். இதில் வீட்டில் வாழ்ந்தவரே எழுதுகிறார், அளவுகோலும் அவர் நினைவுதான். அங்கே வரிக்கணக்கு இருந்த இடத்தில் இங்கே மாமரம் இருக்கிறது.

ஏன் வீட்டைக் கேட்டார், போரில் என்ன நடந்தது என்று ஏன் கேட்கவில்லை? என்னைப் பொறுத்தவரை இந்தப் படைப்பின் உயிர் இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்ததில்தான் இருக்கிறது. "என்ன நடந்தது?" என்று கேட்டால் வரும் பதில் பல தடவை சொல்லித் தேய்ந்த பதில். நிவாரண அதிகாரிக்கு, நிருபருக்கு, விசாரணை ஆணைக்குழுவுக்கு என்று ஏற்கெனவே சொல்லிச் சொல்லி, எங்கே நிறுத்த வேண்டும், எதைச் சொன்னால் ஆபத்து என்று பழகிப்போன பதில். "வீட்டை வரையுங்கள்" என்றால் அந்தப் பழக்கம் உதவாது. பென்சிலை எடுத்த கை வெளிவாசல் படலையில் தொடங்கும். படலையைத் திறந்து முற்றத்துக்குள் நடந்தால்தான் விறாந்தை வரும், விறாந்தையைத் தாண்டினால்தான் சாமியறை. அப்படியே பின்னால் போனால் குசினி, கிணற்றடி. உடம்பு நடந்த வழியில்தான் கோடும் நடக்கும். எங்கள் அத்தை வரைந்ததைப் பார்த்தபோது இதை நேரில் கண்டேன். அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள், அப்பா தெருவிலிருந்து உள்ளே போனார்.

யாழ்ப்பாணத்தில் வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் இல்லை. பெண்ணுக்குச் சீதனமாகப் போவது பெரும்பாலும் வீடும் வளவும். காணி உறுதியில், அதாவது நிலப் பத்திரத்தில், நிலத்தின் அளவோடு, கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் வாய்க்கால் எந்த வழி, நடந்து போகும் பாதை யாருக்கு என்பதெல்லாம் எழுதியிருக்கும். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கு வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். ஆகவே ஒருவர் தன் வீட்டை வரைந்து கிணற்றுக்கு வரும்போது பக்கத்து வளவுக்காரரும் படத்துக்குள் வந்துவிடுகிறார். தனிமனித நினைவு கூட்டு நினைவாக மாறும் இடத்தை விரல் வைத்துக் காட்டச் சொன்னால் நான் அந்தக் கிணற்றைத்தான் காட்டுவேன்.

முதல் தாளிலிருந்து இரண்டாவது தாளுக்குப் போகும்போது இன்னொரு மாற்றம் நடக்கிறது. நடுங்கிய கோடு நேராகிறது. கதவு, சன்னல், சுவர் எல்லாம் அலுவலகத்துக்குப் புரிகிற குறியீடுகளாகின்றன. இனி இல்லாத ஒரு வீட்டுக்கு, அனுமதி கேட்டு உள்ளூராட்சி சபையில் கொடுக்கலாம்போல ஒரு வரைபடம் வந்துவிடுகிறது. உறுதி தொலைந்துபோன, எல்லைக்கல் பெயர்ந்துபோன ஊரில் ஆவணம் என்பது எவ்வளவு பெரிய சொல் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியும். இராணுவ உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலி போட்டு அடைத்த ஊர்களில் வீடு இருந்த தடமே போய்விட்டது. போர் 2009இல் முடிந்த பிறகும் பலர் தங்கள் காணியைப் பார்க்கவே வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள்.

மூன்றாவது தாள்தான் எனக்கு முதலில் உறுத்தியது. அவர்களே வரைந்துவிட்டார்கள், இவர் ஏன் மேலே வந்து ஓவியம் போட வேண்டும், சும்மா இருந்தால் என்ன என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஒருவர் சொல்லும் நினைவைக் கேட்கிறவரும் அதை மாற்றித்தான் வாங்கிக்கொள்கிறார். நான் குலுக்கையை வாங்கிக்கொண்ட மாதிரி. கேட்டவர் தன் கையை ஒளித்துக்கொள்ளாமல், 'நான் கேட்டது என் மனசில் இப்படி விழுந்தது' என்று தனித்தாளில் வைத்துவிடுவது நேர்மையான வேலைதான்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். எண்பது பேருக்கும் ஒரே நினைவு இருப்பதால் இது கூட்டு நினைவு ஆகவில்லை. எண்பது வீடும் வேறு வேறு. ஒரே கேள்வியை எல்லோரிடமும் கேட்டு, வந்த பதில்களை ஒரே வடிவத்தில், ஒரே கோப்புக்குள் வரிசையாக வைக்கும்போதுதான் அது உருவாகிறது. ஒரு வீட்டைப் பார்த்தால் ஒருவருடைய துயரம். இருபதாவது வீட்டைப் புரட்டும்போது, 'இத்தனை பேருக்குமா' என்ற எண்ணம் வருகிறதே, அந்த எண்ணம் எந்த ஒரு தாளிலும் வரையப்படவில்லை. தாள்களை அடுக்கியதில் வந்தது. கலைஞர் செய்கிற வேலை பெரும்பாலும் இந்த அடுக்குதல்தான். வெளியிலிருந்து பார்த்தால் 'இதில் என்ன ஓவியம் இருக்கிறது, நாலு பேரிடம் வாங்கித் தொகுத்திருக்கிறார்' என்று தோன்றலாம். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, வந்ததை எந்த வடிவில் வைப்பது என்ற மூன்றையும் முடிவு செய்வது தூரிகை பிடிப்பதைவிட லேசான வேலை இல்லை.

இதற்கு முன்பே அவர் இந்த வழியில் போயிருக்கிறார். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 'அகம் புறம்' என்ற கண்காட்சி நடந்தது. 1981 மே கடைசி நாள் இரவு எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலான அதே நூலகம், திருத்திக் கட்டப்பட்ட பிறகு. அதில் 'வரலாறுகளின் வரலாறு' என்ற பொருள் வரும் பெயரில் சனாதனன் வைத்த படைப்புக்கு யாழ்ப்பாணத்தின் 500 குடும்பங்களிடமிருந்து ஆளுக்கொரு பொருள் வாங்கினார். போர்க்காலத்தின் நினைவாக அவர்கள் வைத்திருந்த பொருள்கள். புத்தகம் எரிந்த இடத்தில் வீட்டுச் சாமான்கள் வந்து வரலாற்று நூல்களின் வேலையைச் செய்தன.

'அகம் புறம்' என்ற தலைப்பை யார் வைத்தாரோ, நாம் பேசும் விஷயத்தை ஒரே வீச்சில் தமிழில் சொல்லிவிட்டார். அகம் என்றால் உள், மனசு. அகம் என்றால் வீடும்தான். பிராமணர் பேச்சில் 'ஆம்', 'ஆத்துக்காரர்' என்று வருவதெல்லாம் அந்த அகம்தான். மனசுக்கும் வீட்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கிற மொழியில் வீட்டை வரையச் சொல்வது மனசை வரையச் சொல்வதுதான். பழைய இலக்கணத்தில் அகப்பாட்டில் வரும் தலைவன், தலைவியின் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி உண்டு. பெயரைச் சொல்லாமல் விட்டால்தான் ஒருவருடைய காதல் எல்லோருடையதாகும். புறப்பாட்டில் அரசன் பெயர், ஊர்ப் பெயர், போர்க்களத்தின் பெயர் எல்லாம் வரலாம். நினைவைக் கையாளும் கலைஞர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது: பெயர் சொல்வதா, வேண்டாமா?

வேறு நாட்டிலிருந்து இரண்டு உதாரணம் மட்டும் சொல்கிறேன். ஜெர்மனியின் குன்டர் டெம்னிக் 1990களில் தொடங்கிய 'தடுக்கல் கற்கள்' பெயர் சொல்லும் வகை. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பித்தளைத் தகடு போர்த்திய கல். நாஜிகள் இழுத்துச்சென்ற ஒருவர், தன் விருப்பப்படி கடைசியாக வாழ்ந்த வீட்டின் வாசலில், நடைபாதையில் அதைப் பதிக்கிறார்கள். 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்பது வரை அதில் பொறித்திருக்கும். 2023இல் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். அங்கேயும் வீட்டு வாசல்தான்! கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ வேறு வழியில் போனவர். 1985இல் பொகோட்டா நீதி மாளிகையைக் கிளர்ச்சிக் குழு கைப்பற்ற, இராணுவம் உள்ளே புகுந்து, நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2002இல் அதே நவம்பர் 6, 7 தேதிகளில், 53 மணி நேரம், அதே இடத்தில் எழுந்த கட்டடத்தின் உச்சியிலிருந்து வெறும் நாற்காலிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் இறக்கினார். மொத்தம் 280 நாற்காலிகள். எதிலும் பெயர் இல்லை, அறிவிப்பும் இல்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எதைப் பற்றியது என்று பொகோட்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சனாதனனுக்கே திரும்புகிறேன். அவர் பங்கெடுத்த இன்னொரு முயற்சியில் நினைவு என்ற சொல்லே கிடையாது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அது. 2005இல் சனாதனன், சந்திரகுப்த தேனுவர, ஜகத் வீரசிங்க, முஹன்னத் காதர் என்று நான்கு இலங்கைக் கலைஞர்கள் தபாலில் ஓவியம் பரிமாறிக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருவர் வரைந்து அனுப்புவார், கிடைத்தவர் அதற்குப் பதிலாக ஒன்று வரைந்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். 2006இல் சண்டை மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 சாலை மூடப்பட்டு, யாழ்ப்பாணம் துண்டிக்கப்பட்டது. ஒரு வருஷத் திட்டம் இரண்டரை வருஷம் இழுத்தது. 208 ஓவியங்கள் சேர்ந்தன. சோதனைச் சாவடியில் நிற்கும் பச்சைப் பூச்சுப் பீப்பாய்களைத் தன் ஓவியமொழியாகவே ஆக்கிக்கொண்ட தேனுவர சிங்களவர், சனாதனன் தமிழர். ஒரு போரை இரண்டு பக்கத்திலிருந்தும் நினைவில் வைத்திருப்பவர்கள், அது நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் கோட்டுக்கு மற்றவர் பதில் கோடு போட்டார்கள்.

பிறகு சனாதனன் நூலகங்களில் இருக்கும் அட்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டார். புத்தகத்தின் பெயரும் எண்ணும் எழுதிய அட்டைகள் அடுக்கிய இழுப்பறை மேசை, கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எல்லா நூலகத்திலும் இருந்ததே, அதுதான். 2016 கொச்சி பைனாலே கலைக் கண்காட்சியில் வைத்த அந்தப் படைப்பில் இழுப்பறையை இழுத்தால் மனிதர்களின் கதைகள் இருக்கும். பார்வையாளர் தானே தேடி எடுத்துப் படிக்க வேண்டும். தோம்பு, அட்டைப் பெட்டி, கோப்பு என்று அவர் கை எப்போதும் அலுவலகச் சாமான்களையே தேடிப் போகிறது. அரசு மறப்பதற்கும் நினைப்பதற்கும் பயன்படுத்தும் கருவிகளை மக்கள் கையில் எடுத்துக் கொடுக்கிறார் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கூட்டு நினைவு என்றாலே நல்லது, புனிதமானது என்ற மயக்கம் ஒன்று இருக்கிறது. அதை மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். கூட்டம் சேர்ந்து நினைப்பதுபோலவே சேர்ந்து மறக்கவும் செய்யும். 1995 அக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாண நகரம் இருக்கும் வலிகாமம் பகுதி மக்கள் லட்சக்கணக்கில் ஒரே பாதையில் ஊரைவிட்டு வெளியேறினார்கள். யாழ்ப்பாணத் தமிழர் யாரைக் கேட்டாலும் அந்த இரவைச் சொல்வார்கள். மழை, நெரிசல், நாவற்குழிப் பாலம் எல்லாம் வரும். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, அதே அக்டோபர் கடைசியில், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அவர்களும் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள், அவர்கள் வீட்டிலும் கிணற்றடி இருந்தது. ஆனால் ஒரு கதை சொல்லப்படும் அளவுக்கு மற்றது அதே ஊரில் சொல்லப்படுவதில்லை. 'நாம் நினைவில் வைத்திருக்கிறோம்' என்று ஒரு படைப்போ ஒரு மேடையோ சொன்னால், அந்த 'நாம்' யார் என்று முதலில் கேட்டுவிட வேண்டும். தோம்பைப் பற்றிச் சொல்லும்போது 'தமிழ் பேசும்' என்ற சொல்லை நான் விடாமல் எழுதியது அதனால்தான். இலங்கையில் அந்தச் சொல்லுக்குள் முஸ்லிம்களும் வருவார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டை வரையச் சொன்னால், வரைய வீடு இருந்தவர்தான் வரைய முடியும். சொந்தக் காணியே இல்லாமல் அடுத்தவர் வளவில் குடிசை போட்டுக் கிடந்தவர் என்ன வரைவார்? நாற்சார் வீட்டின் முற்றத்தைப் பாசத்தோடு நினைப்பவரின் கோடு, அந்த முற்றத்துக்குள் விடப்படாதவரின் கோட்டை மறைத்துவிடக் கூடும். யாழ்ப்பாணமும் விளாத்திகுளமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இதைச் சனாதனன் மீது குற்றமாக நான் வைக்கவில்லை. தலைப்பிலேயே 'முற்றுப்பெறாத' என்று எழுதி வைத்திருக்கிற மனிதரிடம் 'இது முழுமையாக இல்லையே' என்று சண்டைக்குப் போக முடியாது. கோப்பில் இன்னும் தாள் கோக்கலாம் என்றுதான் அந்தச் சொல் நிற்கிறது.

எங்கள் வீட்டுப் படங்களையும் இவர்களுடைய வேலையையும் ஒரே தட்டில் வைத்துவிட்டேன் என்று யாருக்காவது தோன்றினால், அப்படி இல்லை. நாங்கள் பணம் வாங்கிக்கொண்டு விற்றோம். அவர்கள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தச் சாவியைக் கனடாவிலோ லண்டனிலோ வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு இது ஒரு பொங்கல் விளையாட்டு.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. படங்கள் எல்லாம் வந்து, குலுக்கை சண்டையும் ஓய்ந்து ஒரு வாரம் கழித்து அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் தொழுவைப் பார்த்துக்கொண்டவர் பற்றிப் பேச்சு வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் விடியற்காலையில் வந்து சாணி அள்ளி, மாடு கழுவி, சாயங்காலம் புல் போட்டுவிட்டுப் போனவர். புறவாசல் வழியாகத்தான் வருவார், போவார். பட்டாசலை அவர் பார்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. "அவரு வரஞ்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புறவாசல்ல இருந்துல்லா ஆரம்பிப்பாரு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, ஐந்து படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்றில் புறவாசல் கதவே இல்லை. என்னுடையதும் அந்த மூன்றில் ஒன்று.